நாற்பத்தேழாம் பக்கம்

புத்தகத்தில் அந்தப் பக்கம் வெற்றுப் பக்கம்.
கீழே எண் மட்டும்: நாற்பத்தேழு.
நாற்பத்தாறில்
உறைந்த கடலின்மேல் மாரெத் நடக்கிறாள்,
காணாமல்போன வாத்தைத் தேடி,
அப்பாவின் பெரிய காலணிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டு.
நாற்பத்தெட்டில் வீட்டில் இருக்கிறாள்,
அடுப்பருகே, மடியில் வாத்து.
இடையில் என்ன நடந்தது என்பது
எழுதியவருக்கும் பனிக்கும் மட்டும் தெரியும்.

மூன்று பேர் அதைப் படமெடுத்தார்கள்.
மூவருக்கும் அந்த வெறுமை பொறுக்கவில்லை.

முதல் படம் கறுப்பு வெள்ளை.
நான் பிறக்கும்போதே பழசு.
ஹாப்சாலுவில், ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியில்,
கையுறையைக் கழற்றாமல் பார்த்தேன்.
நாற்பத்தேழு வந்ததும்
கூட்டுப்பண்ணை ஆட்கள் பதினேழு பேர்
லாந்தர் ஏந்தி வருகிறார்கள்,
எல்லோருக்கும் ஒரே நடை.
தலைவர் வாத்தைத் தூக்கிக் காட்டுகிறார்
பரிசுக்கோப்பை மாதிரி.
சிரிக்காதே டாவெட்.
அந்தச் சிறுமியின் மூக்கு ஒழுகியது.
நிஜக் குளிர், நிஜச் சளி.
துடை என்று யாரும் சொல்லவில்லை,
அல்லது சொல்ல மறந்தார்கள்.
அதற்குப் பிறகு எந்தப் படத்திலும்
அப்படி ஒரு மூக்கை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது உன்னுடையது. பொம்மைப் படம்.
கடல் ஒரு கண்ணாடித் தகடு.
வாத்தின் கண் கோட்டுப் பொத்தான்,
நான்கு துளையும் தெரியும்.
நாற்பத்தேழில் மாரெத் நிற்கிறாள்.
நிற்கிறாள்.
நிற்கிறாள்.
ஒரு நிமிடம் இருபது விநாடி,
கடிகாரம் வைத்து அளந்திருக்கிறாய்.
‘இது ஒன்றுதான் அந்தப் பக்கம்’ என்கிறாய்
ஒவ்வொரு டிசம்பரிலும்,
ஹெர்ரிங் மீனில் முள் எடுத்தபடி.
நானும் ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்கிறேன்:
கண்ணாடிக்கு அடியில் நீலக் காகிதம் தெரிகிறது,
காகிதத்தின் மடிப்பும் தெரிகிறது.
பொம்மை நகராததற்குக் காரணம்
காசு தீர்ந்ததாக இருக்கும், இல்லை மின்சாரம் போனதாக இருக்கும்,
அதற்கு மௌனம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.
நீ பதில் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாய்,
வேண்டுமென்றே ஒரு நிமிடம் இருபது விநாடி
ஒரே தட்டை.

மூன்றாவதில் நமக்குள் சண்டையே இல்லை.
வாத்து பேசுகிறது. ஜோக்கும் அடிக்கிறது.
மாரெத்தின் தலைமுடியில்
ஒவ்வோர் இழைக்கும் தனியாக ஒரு காற்று.
நாற்பத்தேழில் ஓநாய்.
பனி பிளக்கிறது, மறுபடி பிளக்கிறது,
பதினோரு நிமிடம் துரத்தல்.
நாம் பாப்கார்ன் டப்பாவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கெர்ட்டு மட்டும் இருக்கையின் நுனியில்,
வாயை மூட மறந்து.

நேற்று ராத்திரி அவளுக்குப் புத்தகத்தை வாசித்தேன்.
என் பழைய பிரதி, அட்டை போனது.
நாற்பத்தேழு வந்தது. நிறுத்தினேன்.
மூன்று மூச்சு விட்ட பிறகுதான் திருப்ப வேண்டும்,
அது நான் வைத்துக்கொண்ட சட்டம்.
இரண்டாவது மூச்சில் கெர்ட்டு குனிந்தாள்,
வலது மூலையில் விரலை வைத்தாள்.
‘இங்கேருந்துதான் ஓநாய் வரும்.’
ஓநாய் கிடையாது என்றேன்.
இந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் கிடையாது.
‘தெரியும்’ என்றாள்.
‘இன்னும் வரலை.’

அவள் தூங்கிவிட்டாள்.
விளக்கை அணைக்கத் தோன்றாமல்
மஞ்சளேறிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இத்தனை வருடமாக இந்த வெறுமைக்காக
உன்னோடு வழக்காடியிருக்கிறேன்.
நான் இதை வெறுமையாகப் பார்த்தது எப்போது?
எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே
தியேட்டருக்குப் போனவள் நான்.
முதன்முதலில் இந்தப் பக்கத்தைத் திறந்தபோதே
பதினேழு லாந்தர் எரிந்துகொண்டிருந்தது.
உனக்கு இங்கே நீலக் காகிதம் இருந்திருக்கும்.
அதை ஒருநாளும் நீயும் சொன்னதில்லை.

டாவெட், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
இங்கே கொஞ்சம் வா.
வலது மூலையில் ஒரு கறை,
உன் மீன் எண்ணெயாகத்தான் இருக்கும்.
நேற்றுவரை அது கறை.